சுங்கைப்பட்டாணிப் பெண்ணும் இரண்டு மஞ்சள் புள்ளிகளும்

ஸ்குவாஷ் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவுதான். கறுப்பு ரப்பர், மேலே இரண்டு மஞ்சள் புள்ளிகள். தரையில் போட்டால் எழும்பாது, செத்துக் கிடக்கும். சுவரில் அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் அதற்கு உயிர் வரும். பால்மரம் வெட்டியே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த கெடா மண்ணிலிருந்து போன ஒரு தமிழ்ப் பெண், இந்த ரப்பர் பந்தைக் கொண்டுதான் ஆசியாவை வென்றார்.

சிவசங்கரி சுப்பிரமணியம். 1999 ஜனவரி 24 அன்று சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர்.

எங்கள் தோட்டப்புறங்களில் விளையாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்துக்கு எதிரே ஒரு திடல் இருக்கும். பால் எடை போட்டுவிட்டு வந்த அப்பாக்களும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் மாலையில் அங்கே காற்பந்து உதைப்பார்கள். நாலு சுவருக்குள் ஆடும் ஆட்டமோ துரைமார் கிளப்பைச் சேர்ந்தது. கிராணி வீட்டுப் பிள்ளைக்குக்கூட அது எட்டாது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பல இடங்களில் அந்தத் திடலும் போயிற்று. பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் தேடிய காலத்தில் வளர்ந்த தலைமுறை சிவசங்கரியுடையது.

அவர் பெயரை நாடே கவனித்தது 2018இல், ஜகார்த்தா ஆசியப் போட்டியில். வயது 19. அரையிறுதியில் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவை வீழ்த்தினார். அனுபவத்தில் அவருக்கு எத்தனையோ படி மேலே இருந்தவர் ஜோஷ்னா. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் நிக்கோல் டேவிட்! எட்டு முறை உலக வெற்றியாளர், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து உலகின் முதல் நிலையில் இருந்தவர், பினாங்குக்காரர். சுங்கைப்பட்டாணியிலிருந்து பாலம் கடந்தால் பினாங்கு. ஆசியாவின் இறுதி ஆட்டம் அன்று இந்த இரண்டு பக்கத்து ஊர்களுக்கு இடையே நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. நிக்கோல் தங்கம் வென்றார், சிவசங்கரிக்கு வெள்ளி. அடுத்த ஆண்டு நிக்கோல் ஓய்வு பெற்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுவது நம் வீட்டு வழக்கம். “ஆட்டம் சோறு போடுமா?” என்று கேட்பவர்களும் நாம்தான். சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அந்தப் பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். பட்டத்தோடு வெளியே வந்தார். படிப்பையும் ஆட்டத்தையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று பிள்ளையை நெருக்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2022 ஜூனில் ஒரு விபத்து. பயணம் செய்த கார் நசுங்கியது. முகத்திலும் கழுத்துப் பகுதி முதுகெலும்பிலும் பலத்த காயம். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன, போக முடியவில்லை. கழுத்துக் காயம் எந்த விளையாட்டாளருக்கும் கொடுமைதான். ஸ்குவாஷில் அது இரட்டிப்புக் கொடுமை. நடுவே வலை கிடையாது, எதிரி அந்தப் பக்கம் நிற்பதும் கிடையாது. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலமுள்ள அறைக்குள் இருவரும் உரசிக்கொண்டு ஆட வேண்டும். பந்து முதுகுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி அதன் மேல் கண் வைக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் எத்தனை நூறு முறை அந்தக் கழுத்து திரும்பும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தக் கழுத்தோடுதான் அவர் திரும்பி வந்தார். 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசியப் போட்டியில், ஹாங்காங்கின் சான் சின் யுக்கை வீழ்த்தி ஒற்றையர் தங்கம். 2024இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வென்று பட்டம். எகிப்தியப் பெண்கள் ஆளும் ஆட்டம் இது. அவர்களில் ஒருவரை இறுதியில் சாய்ப்பது சின்னக் காரியமில்லை. உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள்ளும் நுழைந்தார்.

ஹாங்சோ தங்கம் கிடைத்த அதே அக்டோபரில் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. நிக்கோல் டேவிட்டின் காலத்தில் திறக்காத கதவு இது.

சிவசங்கரி வென்ற மறுநாள் அவர் படத்தைப் புலனத்தில் பகிர்ந்து பெருமைப்பட்டோம். அதோடு விட்டுவிட வேண்டாம். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் இருக்கும் பெற்றோரே, கோயில் நிர்வாகத்தாரே, பள்ளி வாரியத்தாரே: பக்கத்தில் ஸ்குவாஷ் கூடம் எங்கே இருக்கிறது, அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டா என்று இந்த வாரமே விசாரியுங்கள். சனிக்கிழமை காலை ஒரு வண்டி ஏற்பாடு செய்து பத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எஸ்.பி.எம். வரும் ஆண்டிலும் அந்த வண்டி ஓடட்டும்.