சுடக்கூடாது என்கிறது சட்டம். குளத்தைக் காப்பது யார்?

நாசரேத் வட்டாரக் குளங்களும் நீர்ப்பறவைகளும் – சிறப்புக் கட்டுரை

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கே ஆற்றுத் தண்ணீர் வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்களாகப் பிரிகிறது. தென்கால் தண்ணீர் கடம்பாகுளத்தையும் அதைச் சார்ந்த குளங்களையும் நிரப்பி, தென்திருப்பேரை, நாசரேத், குரும்பூர் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்து குளங்கள் மறுகால் போன வருஷங்களில், பிசான நெல் பயிராகும் அதே வேளையில் தண்ணீருக்கு வேறு விருந்தாளிகளும் வந்து சேர்கிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, தட்டைவாயன் ஆகியவை வடக்கிலிருந்து வருபவை. புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, முக்குளிப்பான் ஆகியவை நம் மண்ணுக்கே உரியவை. வலசைப் பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்பிப் போய்விடும்.

2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் இந்த ஆற்றுப்படுகையின் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும் தூத்துக்குடி, நெல்லை இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டு கரை கரையாக நடந்து எண்ணுகின்றன. இந்தக் குளங்களில் மிகப் பெரும்பாலானவை சரணாலயங்கள் அல்ல. பொதுப்பணித் துறை, இன்றைய நீர்வளத் துறை, ஊராட்சி என்று பாசனக் கணக்கில் மட்டுமே இருப்பவை. அதனால்தான் ஒரு தவறான எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது. சரணாலயம் என்றால் கூந்தன்குளம், இது நம் ஊர்க் குளம்தானே, நாலு கொக்கு சுட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதிலை ஒவ்வொரு கரையிலும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லை தாண்டிய தடை

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பறவையைக் காக்கும்போது, அது நிற்கும் இடம் காடா, சரணாலயமா, வயலா, ஊர்ப் பொதுக்குளமா என்று பார்ப்பதில்லை. சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள எந்த உயிரையும் இந்தியாவின் எந்த மூலையிலும் வேட்டையாடக் கூடாது. குளத்தில் நாம் காணும் வாத்தும் நாரையும் கொக்கும் அந்த அட்டவணைகளுக்குள் வருபவை.

வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் பொருளும் விரிவானது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, இரை காட்டி இழுப்பது, விரட்டிப் பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். பறவையைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதில் அடங்கும். பறவை கையில் சிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

தண்டனை 2023 ஏப்ரல் 1 முதல் கடுமையாகியிருக்கிறது. பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, வேட்டை நடந்த இடம் சரணாலயம் என்றாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். வேட்டையாடப்பட்ட பறவை அரசின் சொத்து. அதன் இறைச்சி ஒருவர் கையில் இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே சாலையோரத்தில் கொக்கு, மடையான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவரும் குற்றத்துக்கு வெளியே நிற்கவில்லை.

விவசாயிக்கு இதில் ஒரு நியாயமான குறை உண்டு. நீலத்தாழைக்கோழி நாற்றங்காலில் இறங்கினால் பயிர் மிஞ்சாது. சீழ்க்கைச் சிறகிக் கூட்டம் இரவில் வயலில் மேய்ந்துவிட்டுப் போகும். சட்டம் அதையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் இரண்டாம் அட்டவணை உயிரைப் பற்றி முறையிட்டால், தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்து மூலம் உத்தரவிட 11ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முடிவெடுக்கும் உரிமை மருந்துப் புட்டி வைத்திருப்பவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

சுடுவதற்காகவே காத்த காலம்

இந்தத் தடை எவ்வளவு புதியது என்பது இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. வெள்ளையர் ஆட்சியில் 1912இல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், மாகாண அரசு அறிவிக்கும் மூடுகாலத்தில் மட்டுமே வேட்டையைத் தடுத்தது. மூடுகாலம் முடிந்ததும் துப்பாக்கி வெளியே வந்துவிடும்.

அந்தக் காலத்தின் அடையாளம் ராஜஸ்தானின் பரத்பூர். சமஸ்தான மன்னர்கள் அங்கே தண்ணீரைத் தேக்கி, வாத்துகளை வரவழைத்து, விருந்தினர்களோடு சுட்டார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. சாமானியர் நுழைய முடியாதபடி காவல் இருந்தது. ஆனால் காவல் காத்தது துப்பாக்கிக்காரர்களின் பொழுதுபோக்கை. அதே நீர்நிலை 1981இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 1982இல் தேசியப் பூங்கா ஆனது.

1972 சட்டம் வந்தபோதும் வேட்டை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. சிறு வேட்டை, பெரு வேட்டை என்று உரிமம் வழங்கும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்தது. வாத்துகள் சிறு வேட்டைக் கணக்கில் அடங்கின. 1991இல் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 முதல் இந்த உரிமங்களுக்கு முடிவு கட்டினார்கள். வேட்டைக்குக் காலம், எண்ணிக்கை, கட்டணம் என்று வகுத்திருந்த விதிகளெல்லாம் அன்றோடு போயின. கூடாது என்ற ஒரே விதி மிஞ்சியது.

அமெரிக்கா போன வழி

இதே பிரச்சினைக்கு அமெரிக்கா வேறு வழி தேடியது. 1903இல் ஃபுளோரிடாவின் பெலிகன் தீவில் தொடங்கிய வனவுயிர்ப் புகலிடங்கள் அங்கே இன்று நாடு முழுக்க இருக்கின்றன. அவற்றில் பலவற்றில், புகலிடத்தின் நோக்கத்துக்கு முரணில்லை என்றால், நீர்ப்பறவை வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் கட்டுப்பாடுகள் கறாரானவை. சூரியோதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனம் வரைதான் சுடலாம். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கூடாது. தானியம் தூவி இழுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை என்பதற்கு வரம்பு உண்டு. சேற்றில் தங்கும் ஈயக் குண்டுகளை விழுங்கி வாத்துகள் சாவது தெரிந்து, 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. நாம் உரிமத்தை ஒழித்த அதே ஆண்டு அது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முத்திரை இருக்கிறது. 1934 முதல், 16 வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். இன்று அதன் விலை 25 டாலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி சதுப்புநிலங்களை வாங்கிக் காப்பதற்கே போகிறது. சுமார் 60 லட்சம் ஏக்கர் நிலம் இந்த வழியில் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

இங்கே வேட்டையைத் திறந்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. 1991இல் நாம் எடுத்த முடிவு சரியான முடிவு. அதில் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கக் கூடாது. ஆனால் அமெரிக்கச் சட்டம் பறவை இறங்கும் நீர்நிலைக்கும் ஒரு பொறுப்பாளியையும் ஒரு வருமானத்தையும் கண்டுபிடித்தது. நாம் துப்பாக்கியைப் பூட்டிவிட்டோம். குளத்தை யார் பொறுப்பில் விடுவது என்பதை முடிவு செய்யவில்லை. நாசரேத் வட்டாரத்தின் பறவைகளுக்கு இன்றைய ஆபத்து பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

கண்ணியும் குருணையும்

இன்றைய வேட்டைக்குத் துப்பாக்கிச் சத்தம் தேவையில்லை. நைலான் நரம்பில் கட்டிய கண்ணியும், அந்தி நேரத்தில் விரிக்கும் வலையும், உரிமம் இல்லாமலே கிடைக்கும் சிறு ஏர்கன்களும் போதும். இவற்றைவிடக் கொடியது விஷம். வயலுக்கென்று விற்கப்படும் கார்போஃப்யூரான் குருணை மருந்தை நெல்லிலோ அரிசியிலோ கலந்து வரப்பில் தூவினால் போதும். குறிவைத்த கொக்கும் வாத்தும் மட்டுமல்ல, அதைத் தின்ற எதுவும் விழும். செத்த பறவையைத் தின்னும் நாயும் பருந்தும் சாகும். அப்படிப் பிடித்த இறைச்சியை வாங்கிச் சமைப்பவர் தன் பிள்ளைகளின் தட்டில் பூச்சிமருந்தைப் பரிமாறுகிறார்.

இந்த இடத்தில் பழியை நரிக்குறவர்கள் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது பலருக்கு வசதியாக இருக்கிறது. அது அநியாயம். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்துப் பிழைத்த ஒரு சமூகத்தின் தொழிலைச் சட்டம் ஒரே நாளில் குற்றமாக்கியது; மாற்றுப் பிழைப்பு தருவதற்கு அதே வேகம் காட்டவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பறவையின் குரல், கூடு, வருகை எல்லாம் அத்துபடியாகத் தெரிந்த மனிதர்களை வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் கணக்கெடுப்பு வழிகாட்டிகளாகவும் சம்பளத்துக்கு அமர்த்தலாம்.

பறவையைத் தொடாமலே கொல்லும் வழிகளும் உண்டு. குளத்து நீர்ப்பிடிப்பில் மண் அடிப்பது, ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேல அடர்வு, கழிவுநீர் ஆகியவற்றால் குளம் சுருங்கினால் பறவைக்கு இறங்க இடமில்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. தென் தமிழ்நாட்டின் நீர்ப்பறவைகள் வாழ்வதோ பெரும்பாலும் அத்தகைய குளங்களில். பறவைக்குச் சட்டக் காவல் உண்டு. அது நிற்கும் தண்ணீருக்கு அந்த அளவு காவல் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின. கரையும் மடையும் மறுகாலும் சீராக இருப்பது பறவை நேசர்களின் கவலை மட்டும் அல்ல என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின.

ஆற்றின் மேலேயே ஒரு முன்மாதிரி

வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேடந்தாங்கல் மக்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு எதிராக 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு பெற்றவர்கள். நாங்குநேரி அருகே கூந்தன்குளத்து மக்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வந்திருக்கிறார்கள். 1994இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தபோது, ஊர் ஏற்கெனவே கடைப்பிடித்த வழக்கத்துக்கு முத்திரை குத்தியது, அவ்வளவே. இன்று அது ராம்சார் பட்டியலில் உள்ள நீர்நிலை.

நாசரேத்துக்கு இன்னும் பொருத்தமான பாடம் இதே தாமிரபரணியின் கரையில், மேற்கே திருப்புடைமருதூரில் இருக்கிறது. கோயிலைச் சுற்றிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் காத்துவந்த அந்த ஊர், 2005 பிப்ரவரி 14 அன்று நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் அந்தச் சட்ட வடிவம் பெரியது. பாதுகாப்புக் காப்பகத்தை அரசு நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்துபேசித்தான் அறிவிக்க முடியும். அங்குள்ளவர்களின் உரிமைகள் பறிபோவதில்லை. நிர்வாகக் குழுவில் வனத்துறையோடு, எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஊராட்சியின் பிரதிநிதியும் வனவுயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்ட தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகளும் வேளாண்மை, கால்நடைத் துறைகளின் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சரணாலயம் என்றதும் மடை திறக்கவும் மாடு மேய்க்கவும் தடை வருமோ என்று அஞ்சும் பாசன விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

இனி செய்ய வேண்டியது

கடம்பாகுளமும் அதன் துணைக் குளங்களும் இந்த வடிவத்தில் காக்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை ஆயக்கட்டு ஊராட்சிகள் தங்கள் கிராமசபையில் நிறைவேற்றலாம். மீன் குத்தகை ஒப்பந்தத்தில், விஷமும் பறவைக் கண்ணியும் கண்டால் குத்தகை ரத்து என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குளத்தின் கரைக்கும் காவலுக்கும் திரும்ப வர வேண்டும். குளத்தால் பயன் பெறுவோர் குளத்துக்குச் செலவிடும் ஏற்பாடு நம் குடிமராமத்திலேயே இருந்ததுதான். குருணை மருந்து விற்கும் கடைகளில் யார், எவ்வளவு, எந்த வயலுக்கு என்ற பதிவைத் தோட்டக்கலை, வேளாண் அலுவலர்கள் பிசானப் பருவத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நாசரேத்துக்கென்று ஒரு தனி வேலையும் இருக்கிறது. பாதிரியார் மர்காஷிஸ் காலத்திலிருந்து பள்ளிக்கூடங்களால் பெயர் வாங்கிய ஊர் இது. ஜனவரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பள்ளியும் ஒரு குளத்தைத் தத்தெடுத்துக்கொண்டால், பத்து ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு கரைக்கும் தன் பறவைகளை அறிந்த ஒரு தலைமுறை இருக்கும். கரையில் கண்ணியைக் கண்டால் வனத்துறைக்குத் தகவல் சொல்லத் தயங்காத தலைமுறை அது.

தடை விதிக்கும் வேலையை டெல்லி 1991இலேயே முடித்துவிட்டது. மீதி வேலை கரையில் இருக்கிறது. அதைச் செய்யும் அதிகாரமும் அடுத்த கிராமசபையில் நம் கையில்தான் இருக்கிறது.