கால் தடுமாறுவது கவனக்குறைவா?

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் நாம் அடிக்கடி காண்பது இது: இறப்பர்பால் வாளி கைநழுவுகிறது, தெரிந்த படியிலேயே கால் தடுக்குகிறது. உடனே "கவனமில்லாதவள்" என்று லயத்தில் பெயர் வைத்துவிடுகிறோம்.

மூன்று மாதத்துக்கு மேலாக உடலெங்கும் நோவு, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி ஆகியவையும் கூட இருந்தால் அது ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோயாக இருக்கலாம். இரத்தச் சோதனையிலும் எக்ஸ்ரேயிலும் குறை தெரியாது. அதனால் நடிப்பு என்றாகிவிடாது. நிலைதடுமாறி விழுவது இந்நோயுள்ளவர்களிடம் அதிகம். 2016 மே 17இல் அரநாயக்க சாமசர மலை சரிந்தபின் இடம்பெயர்ந்தோரைப் போல, பழகாத மேட்டில் குடியேறியவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும்.

மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டும் நடை உதவும். மருந்து மட்டும் போதாது. ஒரு பக்கக் கையும் காலும் திடீரென மரத்தால் அது வேறு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டு ஆண்களே, மழைக்கு முன் படியோரம் மூங்கில் கைப்பிடி ஒன்று கட்டிவிடுங்கள்.