நரம்பில் எழும் நன்றிக்கடன்

முன்னுரை

கலைஞர் எவரும் தனித்துத் தோன்றுவதில்லை. முன்னோர் தேடி வைத்த செல்வத்தின் மீதே பின்னோர் தம் கலையை எழுப்புகின்றனர். அச்செல்வத்தை உரியவர் பெயரைச் சொல்லித் துய்ப்பவரும் உளர். பெயரை மறைத்துத் துய்ப்பவரும் உளர். அமெரிக்க நாட்டு இசை வரலாற்றில் இரண்டாம் வகையினர் பலர். முதல் வகையினருள் முன்னிற்பவர் போனி ரெய்ட் என்னும் பெண்மணி. கிதார் மீட்டிப் புளூஸ், ராக் ஆகிய இசைவகைகளைப் பாடுபவர். 2022 ஏப்ரலில், தம் 72ஆம் வயதில் அவர் வெளியிட்ட ‘ஜஸ்ட் லைக் தட்’ என்னும் இசைத்தொகுப்பை முன்வைத்து, அவர்தம் கலையின் அடிப்படையை விளக்க முனைகிறது இக்கட்டுரை.

புளூஸ் என்னும் இசை

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள், தம் துயரையும் ஏக்கத்தையும் எள்ளலையும் கலந்து பாடிய இசையே புளூஸ். பருத்திக் கழனியில் எழுந்த கூவல்களும் தேவாலயப் பாடல்களும் அதற்கு வித்திட்டன. அதன் யாப்பு எளிமையானது. முதலடி ஒரு செய்தியைக் கூறும்; இரண்டாமடி அதையே மீண்டும் கூறும்; மூன்றாமடி அதற்கு விடையாக அமையும். ஒரே துயரை இருமுறை சொல்லிய பின்னரே மூன்றாம் முறை மனம் வழி காண்கிறது என்னும் உளவியல் இவ்வமைப்பினுள் பொதிந்துள்ளது. 1950களுக்குப் பின் ராக் என்னும் பேரிசை இவ்வேரிலிருந்தே கிளைத்தது. அதனால் பெரும்பொருள் ஈட்டியவர்களோ பெரும்பாலும் வெள்ளையர். வேராய் நின்றவர்களுள் பலர் வறுமையிலேயே மாண்டனர்.

கற்றதும் கற்பித்தவரும்

போனி ரெய்ட் 1949 நவம்பர் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் பிறந்தார். தந்தை ஜான் ரெய்ட் பிராட்வே இசை நாடகங்களில் புகழ்பெற்ற பாடகர். கல்லூரி மாணவியாக இருந்த காலத்தில் முதிய புளூஸ் கலைஞர்களின் நட்பு அவருக்கு வாய்த்தது. சன் ஹவுஸ், மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல் போன்றோரை அருகிருந்து கேட்டும் பார்த்தும் கற்றார்.

அவர் கைவந்த கலை ‘ஸ்லைடு’ என்னும் வாசிப்பு முறை. கண்ணாடிக் குழல் ஒன்றை விரலில் அணிந்து, நரம்பை அழுத்தாமல் அதன்மேல் வழுக்கிச் செல்லச் செய்வது இம்முறை. கிதாரின் கட்டைகள் வரையறுத்த சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்ணொலிகளும் இதனால் பிறக்கும். கோட்டுவாத்தியத்தின் இழைவொலியைக் கேட்டவர்க்கு இதன் இனிமை எளிதில் விளங்கும். மனிதக் குரல் விம்முவது போலவும் இழைவது போலவும் நரம்பு பேசும். பாடும் குரல் நின்ற இடத்தில் கிதார் தொடர்வதால், இரண்டும் ஒருவருக்கொருவர் மறுமொழி கூறும் உறவினர் போல ஒலிக்கின்றன. மேடையில் பெண் பாடுவதும் ஆண் கிதார் மீட்டுவதும் வழக்கமாயிருந்த நாளில், இரண்டையும் தாமே ஏற்றவர் ரெய்ட்.

1971இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே சிப்பி வாலஸ் என்னும் மூதாட்டியின் பாடல்களை அவர் பாடினார். 1898இல் பிறந்த வாலஸ் 1920களில் புகழுடன் விளங்கி, பின்னர்ப் பல்லாண்டு தேவாலயத்தில் மட்டுமே பாடி வந்தவர். ரெய்ட் அவரைத் தம்முடன் மேடையேற்றினார். 1986இல் வாலஸ் மறையும்வரை அவ்வுறவு நீடித்தது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

ரெய்ட்டின் வாழ்வும் மேடாகவே இருந்ததன்று. 1983இல் அவருடைய இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைவிட்டது. குடிப்பழக்கமும் அவரை வாட்டியது. 1987 அளவில் அதனின்று மீண்டார். 1989இல் வெளிவந்த ‘நிக் ஆஃப் டைம்’ அவருடைய பத்தாவது தொகுப்பு. முதுமையின் வாயிலில் நிற்கும் மனிதரின் அச்சத்தை அதன் தலைப்புப் பாடல் பேசியது. 1990இல் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

வளம் வந்தபோது அவர் கடனை மறந்தாரல்லர். முதிய கறுப்பினக் கலைஞர்களுக்கு உரிமைத்தொகை சரிவர வழங்கப்படவில்லை என்று பாடகி ரூத் பிரவுன் தொடுத்த போராட்டத்தின் பயனாக, 1988இல் ‘ரிதம் அண்டு புளூஸ் அறக்கட்டளை’ தோன்றியது. அதனை நிறுவியோருள் ரெய்ட்டும் ஒருவர். 1972இல் மறைந்த மெக்டவலின் கல்லறைக் கல்லில் அவர் பெயரே பிழையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 1993இல் புதிய நினைவுக்கல் நாட்ட, அதன் செலவை ரெய்ட் ஏற்றார். ஆசிரியனின் பெயரைப் பிழையின்றிப் பொறிப்பதும் மாணாக்கரின் கடமையன்றோ!

புதிய தொகுப்பு

‘ஜஸ்ட் லைக் தட்’ தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. நான்கில் ரெய்ட்டின் எழுத்து உண்டு. தம் சொந்த நிறுவனமான ‘ரெட்விங்’ வழியாக அதனை அவர் வெளியிட்டார். கொள்ளைநோய்க் காலத்தின் இழப்புகள் அதில் நிழலாடுகின்றன. 2020இல் மறைந்த ஜமைக்கப் பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட்டின் பாடல் ஒன்றும் இதில் இடம்பெற்றுள்ளது. மாண்டோர்க்காக வாழ்ந்து காட்டுவோம் என்னும் கருத்துடைய பாடல் துள்ளலான ராக் இசையில் அமைந்துள்ளது. சிறைச்சாலை மருத்துவமனையில் சாகக் கிடப்போர்க்குப் பணிவிடை செய்யும் கைதி ஒருவனின் கூற்றாக மற்றொரு பாடல் அமைந்துள்ளது.

தலைப்புப் பாடலே தொகுப்பின் உயிர். தொலைக்காட்சிச் செய்தி ஒன்று அதற்குக் கரு. மகனை இழந்த தாய் ஒருத்தி; அவள் கதவைத் தட்டுகிறான் அறியாத ஒருவன். அவள் மகனின் இதயம் தன் மார்பில் துடிப்பதைச் சொல்கிறான். அவன் மார்பில் செவி வைத்து, இறந்த மகனின் இதயத்துடிப்பை அவள் கேட்கிறாள். இவ்வளவே கதை. இங்கே ரெய்ட் தம் புகழ்பெற்ற ஸ்லைடு வாசிப்பைக் காட்டவில்லை. விரலால் மீட்டும் கிதாரும், தாழ்ந்த குரலும், கதை சொல்லும் எளிய மொழியும் போதும் என்று அமைந்தார். எளியோர் வாழ்வைத் தன்மைக் கூற்றில் பாடுவதில் வல்லவரான ஜான் பிரைன் இதற்கு முன்னோடி. 2020இல் கொள்ளைநோய்க்குப் பலியான அந்நண்பரின் பாட்டு முறை இப்பாடலுக்கு வழிகாட்டியது.

2023 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது இப்பாடலுக்கு வழங்கப்பட்டது. பியான்சே, அடெல், டெய்லர் ஸ்விஃப்ட் போன்ற பெரும்புகழாளரின் பாடல்கள் போட்டியில் இருந்தன. தம் பெயர் அழைக்கப்பட்டபோது 73 வயதுக் கலைஞர் வியப்பில் உறைந்து நின்றதை உலகம் கண்டது.

நிறைவாக

கறுப்பின மக்களின் துயரில் விளைந்த கலையைக் கையாளும் வெள்ளையர் ஒருவர் அக்கடனை முழுவதும் தீர்த்தல் இயலுமா? இயலாது என்பதே நேர்மையான விடை. நினைவுக்கல்லும் அறக்கட்டளையும் காலங்கடந்து வந்தவை. பட்டினியில் மாண்டவர்க்கு அவை பயன்படா. எனினும், தீராத கடன் என்று அறிந்தும் அதனைச் செலுத்திக்கொண்டே இருப்பது ஒன்று. கடனே இல்லை என்று கைவிரிப்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேதான் கலைஞரின் அறம் சோதிக்கப்படுகிறது.

பிறர் இதயத்தைத் தாங்கி வாழ்பவன், அதனைத் தந்தவளின் வாயிலுக்குச் சென்று அறிவித்தான். தன் மார்பை அவள் செவிக்குக் கொடுத்தான். ரெய்ட் ஐம்பது ஆண்டுகளாகத் தம் கிதாரோடு செய்து வருவதும் அதுவே. முன்னோரின் மொழியிலும் கலையிலும் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் தட்ட வேண்டிய கதவு ஒன்று உண்டு. அதனைத் தேடிச் செல்வதே கல்வியின் பயன் எனலாம்.