வீட்டிலே ஒரு சின்னத் தியேட்டர்

ராபர்ட்சன்பேட்டை கோலார் தங்கவயலில் உள்ள ஊர். தங்கவயலுக்கு மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. காவிரி ஆற்றின் சிவசமுத்திரம் அருவியில் இருந்து வந்தது. சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். அந்த மின்சாரம் சுரங்க இயந்திரங்களை ஓட்டியது.

2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இன்று பலர் விடியும் முன்பே ரயில் ஏறுகிறார்கள். பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. அன்று குடும்பத்தோடு ஒரு படம் பார்க்க ஆசை.

ஆனால் ஒரு சங்கடம். புது டி.வி. மெலிந்து இருக்கிறது. உள்ளே பெரிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. பல ஆண்டுகள் பாறை துளைத்த தாத்தாவுக்குக் காது மந்தம். "என்னப்பா சொன்னான்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடன் வாங்காமல் இதைச் சரி செய்யலாம். எப்படி?

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

தப்பட்டையை அடித்தால் தோல் அதிர்கிறது. காற்றும் அதிர்கிறது. அதுதான் சத்தம். ஸ்பீக்கரும் அப்படித்தான். அதன் பின்னால் காந்தம் இருக்கிறது. நடுவில் கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் ஆடும். டி.வி.யில் இருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிபையர்.

என்ன வாங்கலாம்?

ஆறு மட்டமான ஸ்பீக்கர்களைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் மேல். முதலில் இரண்டு போதும். கையில் உள்ள பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். பிறகு பணம் சேரும்போது மற்றதை வாங்கலாம்.

பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பார்கள். பக்கத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். அதை நம்ப வேண்டாம். 'ஆர்.எம்.எஸ்.' வாட் எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் தொடர்ந்து தரும் உண்மையான சக்தி. வாட் இரண்டு மடங்கு ஆனாலும் சத்தம் கொஞ்சம்தான் கூடும். சின்ன வீட்டுக்கு 20 வாட் தாராளம்.

இன்னொரு சொல் 'ஓம்'. ஆம்ப்ளிபையரில் 4 ஓம் என்று இருந்தால், ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூடேறிப் பழுதாகும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய ஸ்பீக்கரும் கிடைக்கும். வாங்கும் முன் காகிதம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கூம்பை விரல்களால் மெல்ல அமுக்குங்கள். 'கரகர' என்று உரசினால் சுருள் கெட்டுவிட்டது. அதை வாங்காதீர்கள்.

எப்படி இணைப்பது?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகே கம்பியைத் தொடுங்கள். மூன்று பின் பிளக்கும் எர்த்தும் அவசியம். ஆம்ப்ளிபையரின் மூடியைத் திறக்காதீர்கள். நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி இருக்கும்.

சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. இரண்டு ஸ்பீக்கரிலும் இது ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாறினால் ஒன்று முன்னே தள்ளும், மற்றது பின்னே இழுக்கும். கனமான சத்தம் செத்துவிடும். நிறம் அழிந்துபோன பழைய ஸ்பீக்கரா? தனியாக எடுத்து, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

எங்கே வைப்பது?

டி.வி.க்கு இரு பக்கமும் வையுங்கள். உட்காருபவரின் காது உயரத்தில் வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் 'தம் தம்' என்ற சத்தம் வசனத்தை அமுக்கிவிடும். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்கும். சுவரில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். தரையில் பாய் விரியுங்கள். இதற்குச் செலவே இல்லை.

சிலர் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்துவார்கள். பானை கனமான சத்தத்தைக் கூட்டித் தரும். பாட்டுக்கு அது நன்றாக இருக்கும். வசனத்துக்கு உதவாது.

சத்தம் போதும், இரைச்சல் வேண்டாம்

லைன் வீடுகளில் சுவர்கள் ஒட்டி இருக்கும். பக்கத்து வீட்டில் இரவு ரயிலில் வந்தவர் தூங்குவார். படிக்கும் பிள்ளை இருக்கும். அதிகச் சத்தம் நம் காதையும் கெடுக்கும். அப்படிப் போன காது திரும்பி வராது. இது தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு படம் போடுங்கள். சத்தத்தைக் குறைவாக வையுங்கள். தாத்தாவைக் கேளுங்கள்: "வசனம் புரியுதா தாத்தா?"

"புரியுதுப்பா" என்று அவர் சொன்னால் போதும். உங்கள் பணம் வீண் போகவில்லை.