இடமா, வலமா?

1848-இல் பாரிஸில் 25 வயது லூயி பாஸ்டர் நுண்ணோக்கியின் அடியில் ஓர் உப்பின் படிகங்களைப் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஓரத்துச் சிறுமுகம் வலப்புறம் அமைந்தவை ஒரு குவியல், இடப்புறம் அமைந்தவை இன்னொன்று. தனித்தனியே நீரில் கரைத்தபோது, ஒன்று ஒளி அதிரும் தளத்தை வலமாகத் திருப்பியது, மற்றது இடமாக. சோடியம் அம்மோனியம் டார்டரேட் என்ற அந்த உப்பு சுமார் 27 டிகிரிக்கு மேல் இப்படிப் பிரிந்து படிவதில்லை. பாரிஸின் குளிருக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு என்பேன்.

பிரிக்க முடிந்தது, ஆனால் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு மூலக்கூறு உருவங்களில் எந்தக் குவியலில் எது என்று சொல்ல முடியவில்லை. கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் முனைகளை நோக்கி நிற்கின்றன என்று வாண்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874-இல் சொன்ன பிறகும் அதே நிலைதான். ஒளி திரும்பும் திசை அணுக்கள் நிற்கும் திசையைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1891-இல் எமில் ஃபிஷர், குளுக்கோசுக்கு இருந்த இரண்டு படங்களில் ஒன்றை, ஊகம் என்று அறிந்தே தேர்ந்தெடுத்தார். மற்ற சர்க்கரைகளையும் அதை ஒட்டியே வரைந்தார். சரிபாதி வாய்ப்புள்ள அந்த ஊகத்தின் மேல் அறுபது ஆண்டுப் பாடநூல்கள் நின்றன.

எக்ஸ் கதிர் வந்தும் உடனே விடியவில்லை. எதிரெதிர்த் திசைகளில் சிதறும் கதிர்கள் ஒரே வலிமையில் பதிவானதால், உருவத்தையும் அதன் ஆடிப் பிம்பத்தையும் பிரித்தறிய இயலவில்லை. 1951-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பைஃபூட், பேர்டெமன், வான் பொம்மல் மூவரும் டார்டரேட்டில் ருபிடியத்தைச் சேர்த்து, அந்த அணு வலுவாக உறிஞ்சும் சிர்கோனியக் கதிரைப் பாய்ச்சினார்கள். சமநிலை குலைந்தது. சிறு வலிமை வேறுபாடு உண்மை உருவத்தைச் சொன்னது: ஃபிஷரின் ஊகம் சரி. அந்த வேலை நடந்த ஆய்வகத்துக்கு வாண்ட் ஹாஃபின் பெயர் என்பது எனக்கு நிறைவு தரும் செய்தி. 1956-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் இதே வேறுபாட்டைக்கொண்டு படிகத்தின் முழு அமைப்பையும் காணும் வழியை வகுத்தார்கள்.

இன்று தானியங்கிக் கருவி சில மணி நேரத்தில் அளந்து தருகிறது. 1983-இல் ஃபிளாக் அறிமுகப்படுத்திய எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வரைந்த உருவம் சரி, ஒன்றை ஒட்டி வந்தால் ஆடிப் பிம்பமே சரி. கண்ணுக்கே தெரியாத படிகங்களில் எலக்ட்ரான் கற்றையால் இதைக் கண்டறியலாம் என்று 2019-இல் பிராக் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனாலும் கருவி பார்ப்பது ஒரே ஒரு படிகத்தை. குடுவையில் இருப்பது கலவையாகவும் இருக்கலாம். ஆய்வு மாணவர்களே, ஃபிளாக் எண்ணை அதன் பிழை எல்லையோடு எழுதுங்கள். மீதிப் பொருளின் தூய்மையையும் தனியே சோதித்துவிட்டு உருவத்தை வரையுங்கள்.