வௌவால் புகட்டும் பாடம்

பகைவனை வெல்லுதற்கு வீரம் மட்டும் போதாது, அளவறிதலும் வேண்டும். நோய்க்கிருமியோடு உடல் நிகழ்த்தும் போருக்கும் இவ்விதி பொருந்துமென்பதை, தலைகீழாகத் தொங்கும் வௌவாலிடத்து நாம் கற்கலாம்.

1998 ஆம் ஆண்டில் மலேசியாவில் நிபா என்னும் வைரசு பழந்தின்னி வௌவால்களிலிருந்து பன்றிகளுக்கும், அவற்றிலிருந்து மனிதருக்கும் பரவிற்று. அடுத்த ஆண்டு முடியுமுன் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயின், அவ்வைரசைச் சுமந்த வௌவால்களிடத்து நோயின் அறிகுறி காணப்படவில்லை. இஃது எங்ஙனம் கூடிற்று?

விடை இரு பகுதிப்பட்டது. முதலாவது, விழிப்பு. வைரசு புகுந்த கலம், அண்டைக் கலங்களை எச்சரிக்கும் பொருட்டு ஒரு புரதத்தைச் சுரக்கின்றது. 1957 இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து, இன்ரபெரோன் எனப் பெயரிட்டனர். நம் உடலில் அது பெரும்பாலும் கிருமி புகுந்த பின்னரே சுரக்கின்றது. அவுஸ்திரேலியாவின் கரும் பழந்தின்னி வௌவாலிலோ, கிருமி புகாத வேளையிலும் ஒருவகை இன்ரபெரோன் சுரந்துகொண்டிருப்பதை 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. காவலன் உறங்காத வாயில் அது.

இரண்டாவது, அடக்கம். பறத்தல் பெருமுயற்சி. அதனால் கலங்களின் மரபுப்பொருள் சிதைந்து சிதறக்கூடுமென அறிஞர் கருதுவர். அச்சிதறலையெல்லாம் பகையெனக் கொண்டு உடல் ஓயாது கொதித்தெழுமாயின், வாழ்தல் அரிதாகும். ஆதலின், அழற்சியை எழுப்பும் புரதங்கள் சில வௌவாலில் தணிந்தே தொழிற்படுகின்றன. கிருமியைத் தடுப்பதில் முந்துகின்ற அவ்வுடல், சினத்தில் பிந்துகின்றது.

நம் நிலை இதற்கு மாறானது. கொரோனா நோய் முற்றியவர் பலரின் நுரையீரலை வைரசு மாத்திரமன்றி, அதனை எதிர்த்தெழுந்த அழற்சியும் அழித்தது. 2020 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தார் நடத்திய பரிசோதனையில், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்து, இயந்திரத்தாற் சுவாசித்த நோயாளரிடையே இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதோருக்கோ அதனால் நன்மை விளையவில்லை. அம்மருந்து வௌவாலைக் கண்டு ஆக்கப்பட்டதன்று. எனினும், இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே.

வைரசைக் கொல்லும் மருந்தை மட்டுமே தேடுதல் பாதி முயற்சியாகும். நம் உடலின் படை எப்பொழுது எழவேண்டும், எவ்வளவில் அடங்கவேண்டும் என்பதை அறிதல் எஞ்சிய பாதி. அதற்கான ஆசானை இயற்கை நம் கூரைமேலேயே பறக்கவிட்டிருக்கின்றது.