தட்டான் குட்டி இல்லீங்க, அது ஊசித்தும்பி!

குளத்தோரம் தீக்குச்சி மாதிரி மெல்லிசா ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். தட்டானோட குட்டின்னு நினைச்சிருப்போம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அது வேற வகை. தட்டான் உட்காரும்போது சிறகை விரிச்சு வைக்கும்; ஊசித்தும்பி பெரும்பாலும் முதுகுக்கு மேல் மடிச்சு வைக்கும். கண்கள் இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும்.

இதுல ஒரு அரிய இனம்தான் மைரிஸ்டிகா பேம்பூடெயில். அறிவியல் பெயர் ஃபில்லோநியூரா வெஸ்டர்மானி. 1860-ல் பெயர் வைத்தார்கள். அந்தப் பேரினத்தில் நீண்ட காலம் இது ஒன்று மட்டுமே அறியப்பட்டிருந்தது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கு. ஐ.யூ.சி.என். பட்டியலில் 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம்.

எப்படி அடையாளம் காண்பது? கறுப்பு உடம்பு, நீலப் பட்டைகள், வால் நுனிக்கிட்ட நீலம். ஆனா நிறத்தை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். இதே கறுப்பு-நீலத்தில் மலை ஓடைகளில் இன்னும் பல இனங்கள் உண்டு. இது அவற்றைவிடப் பெரியது. உறுதியாச் சொல்ல ரெண்டு விஷயம் பார்க்கணும்: சிறகு நரம்புகளின் அமைப்பு, ஆணின் வால் நுனிக் கொக்கி. பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பிடிக்க உதவும் அந்தக் கொக்கி, பூட்டு-சாவி மாதிரி இனத்துக்கு இனம் மாறும். இந்திய மருத்துவப் பணியில் டாக்டராக இருந்த ஃப்ரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய தும்பி நூலை இன்னைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுறாங்க.

சரி, எங்கே தேடுறது? உக்கடம் குளத்துல கிடைக்காது. நிழல் மூடிய காட்டு ஓடையும், மைரிஸ்டிகா சதுப்பும்தான் இதோட வீடு. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிரா நிற்குதே ஜாதிக்காய், அதோட காட்டுச் சொந்தங்கள் சேற்றில் வேரை மேலே நீட்டி நிற்கும் இடம்தான் அந்தச் சதுப்பு.

நிழல் ஏன் அவ்வளவு முக்கியம்? இதோட இளம்பருவம் தண்ணிக்குள்ள. வால் நுனியில் இலை மாதிரி மூன்று செவுள். 20 டிகிரி தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். மரத்தை வெட்டினா வெயில் விழும், ஓடை சூடாகும், ஆக்சிஜன் குறையும். ஓடை அப்படியே ஓடிட்டுத்தான் இருக்கும். தும்பி மட்டும் இருக்காது.

அடுத்த தடவை வனத்துறை அனுமதியோட மலைப்பக்கம் போனா, பிடிக்க வேண்டாம். மேலிருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணு, வால் நுனியில் ஒண்ணுன்னு மூணு படம் எடுங்க. தேதி, இடம், ஓடையில் நிழல் இருந்துச்சான்னு குறிச்சு ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க. அந்த ஓடைக்கு ஒருநாள் அதுவே சாட்சியாகலாம்.